திருப்பிப் போட்ட ஜாக்கெட்

படையலில் புது வேட்டி சட்டைக்குப் பக்கத்தில் ஜீவன் மோட்டாரில் போகும்போது போடும் புது ஜாக்கெட் ஒன்றையும் வைத்தான்.

அப்பா அய்யாவு இறந்து இன்று பதினாறாம் நாள். வாழையிலையில் ஆட்டுக்கறி, கறிபாப் பலகாரம், ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், பால் சேர்க்காமல் ஆவி பறக்கும் கோப்பி-ஓ. மாலை போட்ட படத்தில் அவர் எங்கோ கிளம்பும் அவசரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாலோ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவி, பிறகு தெப்ராவ் தொழிற்சாலையில் பாரம் தூக்கி, வயதான பிறகும் காவல் வேலைக்குப் போனவர். சும்மா உட்கார்ந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்பார்.

காலையில் பேத்தி லோஷினியை மோட்டார் சைக்கிளில் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்கே போவார். ஜீவனுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. அவன் வேலைக்காக விடிவதற்குள் சிங்கப்பூர் போகும் பாலத்தில் நிற்க வேண்டியவன்.

மோட்டாரில் ஏறும்போது அந்த ஊர்க்காரர்கள் எல்லாரையும் போல அவரும் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார். நெஞ்சில் காற்று அடிக்காது. முதுகுப் பக்கம் திறந்தே கிடக்கும்.

போன தீபாவளிக்கு ஜீவன் நல்ல ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்கி வந்து கொடுத்தான்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. அய்யாவு அதன் ஜிப்பை இரண்டு பக்கமும் பிய்த்தெடுத்துவிட்டு, ஓரத்தில் பழைய கைலித் துணியை வைத்துத் தைத்திருந்தார்.

குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதைதான் என்று ஜீவன் அவர் காதுபடவே சொன்னான். அவர் சிரித்தாரே தவிர, காரணம் சொல்லவில்லை. அதன்பின் அவன் அவருக்கு எதுவும் வாங்கித் தரவில்லை.

இன்று சொந்தக்காரர்கள் முன்னால் அந்தக் கந்தலை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அதே கடையில், அதே ரகத்தில் இன்னொன்று வாங்கிவந்தான். கொஞ்சம் சமாதானமாகவும் இருந்தது.

சூடம் காட்டி முடிந்தது. படைத்த துணியை வீட்டில் யாராவது உடுத்த வேண்டும். அம்மா செல்லம் ஜாக்கெட்டை எடுத்து மகனிடம் நீட்டினாள்.

"நீயே போட்டுக்கப்பா. திங்கக்கெழமையிலேருந்து பிள்ளைய நீதானே ஏத்திட்டுப் போகணும்."

அதற்காகவே அவன் வேலையிடத்தில் கேட்டு நேரத்தை மாற்றியிருந்தான். அப்பாவைப் போலவே திருப்பிப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்ற மோட்டாரில் ஏறி உட்கார்ந்து பார்த்தான்.

லோஷினி ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொண்டாள். பழக்கம்போல் அவன் இடுப்பைக் கட்டி, முதுகில் கன்னத்தைச் சாய்த்தாள். உடனே தலையை எடுத்துவிட்டாள்.

"ஜிப்பு கன்னத்துல கீறுதுப்பா. போற வழியில நான் சாஞ்சு தூங்கிடுவேன் லா... தாத்தாகிட்ட ஒருவாட்டிதான் சொன்னேன், அன்னைக்கே பிச்சிட்டாரு."

ஜீவன் திரும்பவில்லை. முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்றிருந்தது.

இறங்கி, ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். உள்ளே பந்திக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் கேட்காமலே செல்லம் ஒரு கத்தரிக்கோலையும், மடித்த கைலி ஒன்றையும் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.