உதரமித்திரனின் கடைசி வரி

"யாரு குடிச்சிட்டு வந்தது?"

அச்சகத்தின் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினார் முதலாளி.

மெஷின்காரர், அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டரைப் பார்த்தார். பைண்டரும் கம்பாசிட்டரைப் பார்த்தார். கம்பாசிட்டருக்குப் பார்க்க ஆள் மிச்சமில்லை. சுவரைப் பார்த்தான்.

"நான் விட்டு ஆறு வருஷமாச்சுங்க."

"விட்டவன் மேலதான்யா முதல்ல சந்தேகம் வரும். வாசனை வருதா இல்லையா?"

வந்தது. இல்லையென்று சொல்ல அவன் மூக்கு சம்மதிக்கவில்லை.

"சாயங்காலம் மதுவிலக்குச் சங்கத்து ஆண்டுவிழா. தலைவர் நான். கலெக்டர் துரை வேற வர்றார். என் அச்சகத்திலேயே ஒருத்தன் குடிக்கிறான்னா என் மானம் என்னத்துக்கு ஆகும்? மூணு மணிக்குள்ள ஒத்துக்கிட்டா மன்னிப்பு. இல்லேன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

சொல்லி முடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஓர் ஏப்பம் விட்டு, தன் அறைக்குள் போனார்.

கம்பாசிட்டருக்குக் கை ஓடவில்லை. வேலை போனால் ஊரில் இன்னும் இரண்டு அச்சகம் இருக்கிறது. குடித்ததற்காகப் போனது என்று தெரிந்தால் பெண்டாட்டி போய்விடுவாள். ஒரு தடவை போனவள்தான். அண்ணன் வீட்டிலிருந்து அவள் திரும்பி வர இரண்டு வருஷம் பிடித்தது.

ஆனாலும் வேலை நிற்குமா? மருந்துக் கம்பெனியின் லேபிளைக் கோக்க உட்கார்ந்தான்.

"உதரமித்திரன் டானிக். மந்தம், புளியேப்பம், வாயு, பொருமல், நெஞ்சுக்கரிப்பு, முன்கோபம் முதலிய முப்பத்தாறு வியாதிகளுக்கும் கைகண்ட ஒரே மருந்து."

அந்தக் கம்பெனிக்கு அச்சக முதலாளியை மிஞ்சிய வாடிக்கைக்காரர் கிடையாது. சாப்பாட்டுக்குப் பின் இரண்டு ஸ்பூன் என்று ஆரம்பித்தார். நாளடைவில் ஸ்பூன் எங்கேயோ தொலைந்துபோய், பாட்டிலின் வாயே அளவாகிவிட்டது. உள்ளே போனதும் அவருக்கு வயிறும் குளிரும், மனசும் குளிரும். உடனே மதுவிலக்குப் பிரசங்கம் எழுத உட்கார்ந்துவிடுவார்.

லேபிளில் இந்தத் தடவை கடைசியாகப் புதிதாக ஒரு வரி இருந்தது.

"சர்க்கார் உத்தரவுப்படி தெரிவிப்பது: இதில் நூற்றுக்கு நாற்பது பங்கு சாராயம்."

கம்பாசிட்டர் அதை மூன்று தடவை படித்தான். பைண்டர் பசை ஊற்றி வைக்க எடுத்து வைத்திருந்த காலி டானிக் பாட்டில் ஒன்றின் தக்கையைத் திறந்து மோந்து பார்த்தான். ஆறு வருஷமாகப் பார்க்காத பழைய சிநேகிதன் உள்ளேயிருந்து சௌக்கியமா என்று கேட்டான். அவசர அவசரமாக மூடினான்.

அப்படியானால் காலையில் அடித்த வாசனை?

தப்பித்தேன்டா சாமி!

லேபிள் எழுதி வந்த தாளின் தலையில் முதலாளியின் கையெழுத்து இருந்தது. அது இல்லாமல் எந்தத் தாளும் கம்பாசிட்டர் கைக்கு வராது. படித்துப் பார்த்தா போடுகிறார்? கிறுக்கித் தள்ளிவிடுவார், பாவம். அவருக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது!

சரிபார்க்க ஒரு புரூஃப் அடித்து எடுத்துக்கொண்டு ஓடினான். அறை வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

முதலாளி மனைவிக்கு முன்னால் பிரசங்கத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா குடிச்சே செத்தார். அவர் உடம்பைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன். முப்பது வருஷமா என் நாக்குல ஒரு சொட்டு... ஒரே ஒரு சொட்டு பட்டதில்லை!"

குரல் தழுதழுத்தது. முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கம்பாசிட்டருக்கு மனசு கேட்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றுவது எத்தனை கஷ்டம் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? தெரியாமல் குடிக்கிற மனுஷன். இதைக் காட்டினால் இந்த இடத்திலேயே ஒடிந்துபோவார்.

திரும்பி வந்தான். அந்த வரியை மட்டும் உருவி, எழுத்துகளைப் பெட்டியில் போட்டான். வேறு புரூஃப் எடுத்தான். மணி மூன்றாகும்போது மறுபடி போனான். முதலாளி தனியாக இருந்தார்.

"நான்தாங்க குடிச்சேன். மன்னிச்சிடுங்க. வீட்டுக்கு மட்டும் தெரிய வேணாம்."

முதலாளி எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார்.

"மன்னிச்சேன்! சாயங்காலம் உன்னை மேடையில ஏத்தி, துரை முன்னாடி, ஊர் முன்னாடி, பேர் சொல்லி மன்னிக்கிறேன்."

"ஐயோ, வேணாங்க! என் சம்சாரமும் கூட்டத்துக்கு வர்றா."

"வரட்டுமே! அவ காதுல விழுந்தாத்தான் உனக்குப் புத்தி வரும்."

புரூஃபை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து நிறுத்தி நிதானமாகப் படித்தார். நெற்றி சுருங்கியது.

"கடைசி வரி எங்கே?"

"எ... எந்த வரிங்க?"

முதலாளி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சாராய வரிதான்யா. போடாம விட்டா சர்க்கார்ல சும்மா விடமாட்டான். பொடி எழுத்துல போட்டுக்கலாம்னு நானே கம்பெனிக்காரன்கிட்ட பேசி வச்சிருக்கேன். நம்மகிட்ட இருக்கிறதிலேயே சின்ன எழுத்தா எடு. போட்டதாவும் இருக்கணும், யார் கண்ணுலயும் படவும் கூடாது."

கம்பாசிட்டருக்கு நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு உதரமித்திரன் கேட்காது.

புரூஃபைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"அப்படியே போட்டுடறேங்க. சாயங்காலம் மேடையில என் பேரையும் அதே பொடி எழுத்துல சொல்லிடுங்க."