சமையலறைக் கோர்ட்

“‘பிளெயின்டிஃப்’ எண்டால் ஆர்?” போஞ்சிக்காய் வெட்டியபடி கேட்டான் விமலராஜ்.

“வழக்குப் போட்ட ஆள்.”

“‘பெயிலிஃப்’?”

“பிணை குடுக்கிறவர்... இல்லையில்லை, கோர்ட்டிலை ஒழுங்கு பாக்கிறவர்!” துசானி தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

நாளைக்குத் தேர்வு. கணினியில்தான். தேறினால் அமெரிக்கக் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலை, விசாவும் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். அவள் முதலில் போய், பிறகு புருஷன் விமலராஜைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. ஏழு வருடமாக இத்தாலியில், பலெர்மோவில், சின்யோரா அம்மாக்களின் வீடு துடைத்தவளுக்கு இது சின்ன விஷயமா? தன் போன் நம்பரைப் போட்டுப் படிவம் நிரப்பி அனுப்பியது முதல் பாடம் கேட்பது வரை எல்லாம் விமலராஜ்தான். தங்கமான மனுஷன்.

சீசா என்ற அந்தப் பகுதியில் அவர்களுடைய நாலாம் மாடிச் சமையலறையில் மாலை வெயில் மஞ்சளாய் நிறைந்திருந்தது. கீழே பஸ் போகும் சத்தம்கூட எங்கோ தூரத்துக் கடல்போல் கேட்டது. அவள் கண்ணை மூடினாள். மரக் கூண்டு, அமெரிக்கக் கொடி, கறுப்பு அங்கியில் நீதிபதி, இரண்டு வரிசையாய்ப் பன்னிரண்டு ஜூரர்கள். நடுவில் அவள். அவள் வாய் திறக்கும்வரை அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள். வாளியைக் கொண்டுவா என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சுகத்தில் அப்படியே மிதந்தாள்.

“கனவு காணாமல் சொல்லு. மொழிபெயர்ப்பாளர் என்ன செய்யவேணும்?”

“கூண்டிலை நிக்கிறவர் ‘நான்’ எண்டால் நானும் ‘நான்’ எண்டுதான் சொல்லவேணும். கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது.”

“சரி. இப்ப கூண்டிலை நிக்கிறது நான். இங்கிலிசிலை மாத்து பாப்பம்.” கத்தியை வைத்துவிட்டுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். “கனம் கோர்ட்டார் அவர்களே, நான் குற்றவாளி.”

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். குரல் கணீரென்று வந்தது.

“என்ரை மனிசி கெட்டிக்காரி. அங்கை போனால் என்னை மறந்துபோடுவா எண்டு பயந்தன்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் சொன்னாள். இந்த மனுஷனுக்கு நடிப்பும் வருகிறதே!

“நாளைக்கு இருந்த சோதினையை முன்னுக்கு எடுத்துப் போன திங்களுக்கு மாத்திப்போட்டம் எண்டு என்ரை போனுக்கு அறிவிப்பு வந்தது. அவவுக்குச் சொல்லாமல் அழிச்சுப்போட்டன்.”

அதையும் ‘நான்’ என்றே ஆங்கிலத்தில் முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் துசானி கண்ணைத் திறந்தாள். விமலராஜ் போனை நீட்டியபடி அழுதுகொண்டு நின்றான். திரையில் ‘தேர்வுக்குச் சமுகமளிக்கவில்லை’ என்று ஒரே ஒரு வரி இருந்தது.