கம்ப்யூட்டருக்கு ஊதுபத்தி

“கம்ப்யூட்டருக்குப் பூசையா? கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் விட்டாச்சுன்னு சொன்னியே!”

கணவன் லியனார்ட் கேட்கக் கேட்க, ரோகினி கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஊதுபத்தியைக் காட்டிக்கொண்டிருந்தாள். மலையகத்துப் பொகவந்தலாவையில் அவர்கள் நடத்தும் கம்யூனிகேஷன் கடையின் ஒரே கம்ப்யூட்டர் அது. இந்தக் குளிரிலும் சூடாகிச் சூடாகி அணைந்துகொண்டிருந்தது. குவைத்திலிருக்கும் மகளைத் திரையில் பார்க்க வந்த யூஜினாக்கா, ஊதுபத்தியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“பாதருக்குத் தெரிஞ்சா என்னாகும்?” லியனார்ட் கத்தினான். “சூட்டுக்குத்தான் நானே பின்னால புது ஃபேன் பூட்டியிருக்கேன்ல?”

“அதத்தான் பாக்குறேன். முன் ஃபேன் புகைய உள்ள இழுக்குது. நீங்க பூட்டுனதும் உள்ளதான் இழுக்குது. சூடு எந்தப் பக்கமாங்க வெளிய போகும்?”

லியனார்ட் பின் ஃபேனைக் கழற்றித் திருப்பிப் பூட்டினான். இப்போது புகை முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறியது.

யூஜினாக்கா மகளோடு ஆசைதீரப் பேசி முடிக்கும்வரை கம்ப்யூட்டர் அணையவேயில்லை.

லியனார்ட் ஊதுபத்திப் பாக்கெட்டை எடுத்து, ஸ்குரூ டிரைவர் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தான்.