கையில் ஒன்று

ஜூலை 9, புதன்.

இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். 347-ஐ 28-ஆல் பெருக்கி 9716 என்று எழுதினேன். இயந்திரம் 9616 என்றது. என் விடையை அடித்துவிட்டு அதன் விடையை எழுதிக்கொண்டேன்.

அந்த இயந்திரத்தோடு எனக்கு ஒரு பகை. ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில், தொண்டை கட்டும்வரை போனில் பேசி வேலை பார்த்தவள் என் அக்கா. வாடிக்கையாளர் தட்டி அனுப்பும் கேள்விக்கு எழுத்திலேயே பதில் சொல்லும் இயந்திரம் என்று ஒன்றைக் கம்பெனிக்கு யாரோ விற்றார்கள். அக்காவையும் அவளோடு இருந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஏதோ ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை கிடைத்ததாகச் சொன்னாள். தொண்டை சரியாகிவிட்டது. விரல்கள்தான் தினமும் வீங்கி வந்தன.

எனக்குப் பகலில் மருந்துக்கடை, மாலையில் கணினி வகுப்பு. படித்ததை வைத்து அந்த இயந்திரத்தை மடக்கிக் காட்டினால் அக்காவைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நம்பினேன். கடையில் கூட்டம் குறையும்போதெல்லாம் வாடிக்கையாளர் போல அதனிடம் கேள்வி கேட்பேன். எதைக் கேட்டாலும் வணக்கத்தோடு பதில் வரும். "நீ யார்?" என்றால், "வணக்கம், நான் ஒரு இயந்திரம்."

இயந்திரங்களுக்கும் ஓர் எல்லை உண்டு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒரு இயந்திரம் வேலையை முடித்து நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்பதை எல்லா இயந்திரங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடும் ஓர் இயந்திரத்தைக் கட்டவே முடியாதாம். அதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று தெரியவில்லை. இருந்தாலும் இன்று கேட்டுவிட்டேன்.

"நீ எப்போது நிற்பாய்?"

"வணக்கம். ஆறு மணிக்கு."

அப்போதுதான் சந்தேகம் தட்டியது. உடனே அந்தப் பெருக்கலைக் கொடுத்தேன். பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. விடை மாறி வந்தபோதும், தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

மாலை வகுப்பில் ஆசிரியரிடம் சொன்னேன்.

"ஆறு மணிக்கு நிக்குமாமா? குடுத்து வச்ச மெஷின்! எனக்கே எட்டு வரைக்கும் விடுதலை இல்ல." வகுப்பே சிரித்தது.

சிரித்துக்கொண்டே அவர் கரும்பலகையில் கணக்கைப் போட ஆரம்பித்தார். "ஏழும் நாலும் பதினொண்ணு. ஒண்ணு போட்டா, கையில ஒண்ணு..." முடித்துவிட்டுத் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது. "உன் விடைதானம்மா சரி. எதுக்கு அடிச்ச?"

"மெஷின் சொல்லுச்சு சார்."

"மெஷினும் தப்பு விடும். ஆனா கையில வச்ச ஒண்ணை மறக்கறது இருக்கு பாரு, அது நம்ம ஆளுங்க விடற தப்பு."

"அப்போ உள்ள ஆள் இருக்கா சார்?"

"இருக்கலாம். குடுத்த விதியை மட்டும் பாத்து, சொந்தமா ஒரு வார்த்தை பேசாம பதில் சொன்னா, வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு ஆளும் மெஷின்தான். எப்படிப் பிரிப்ப?"

வீட்டுக்கு ஓடிவந்தேன். அக்கா சமையலறையில் வெந்நீரில் விரல்களை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டிக்கிட்டான்க்கா!"

"யாருடீ?"

"உன் வேலையைப் பறிச்ச மெஷின். அது மெஷினே இல்ல. உள்ள எவனோ உக்காந்து தட்டிக்கிட்டிருக்கான். இன்னிக்கு ஒரே கேள்வியில கையும் களவுமா பிடிச்சுட்டேன்."

அக்காவின் கை தண்ணீருக்குள் அசையாமல் நின்றது. "யார்கிட்டயாவது சொன்னியா?"

"வகுப்புல மட்டும்தான். நாளைக்குக் காலையில உன் பழைய மேனேஜரைப் பாக்கப் போறேன். மெஷின்னு சொல்லி ஆளை வச்சு ஏமாத்தறாங்கன்னு தெரிஞ்சா, அன்னிக்கே துரத்திடுவாரு."

"துரத்திட்டா அந்த ஆளுக்கு வேலை போயிடுமே."

"போகட்டுமே! உன் வயித்துல அடிச்சவனுக்கா பாவம் பாக்கற?"

"அவங்களும் வேற வழி இல்லாமதான் போய் உக்காந்திருப்பாங்க. பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, தெரியாதுன்னு சொல்லக் கூடாது. அது மட்டும் சுகமா?"

"நீ இப்படியே இரு. ஊரே உன் தலையில மிளகாய் அரைக்கட்டும். நான் போகத்தான் போறேன்."

அக்கா துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளைக்கு மருந்துக்கடைக்கு மட்டும் போடீ. பெருக்கல்ல, கையில வச்ச ஒண்ணு எனக்கு எப்பவுமே மறந்துடும்."