துடைத்த குப்பிகள்

குப்பிகளில் வழிந்திருந்த நாலு சொட்டு எண்ணெயைக் கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்தபோது, மையால் எழுதிய பெயர்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டு நிற்கிறார் டெட்லெஃப். சுத்தம் சோறு போடும் என்பார்கள்; முப்பது வருட அனுபவஸ்தரை அது முட்டாளாக்கியும் விடுகிறது. ஒரு குப்பியில் இருப்பது மூன்று வருடமாக அவர் கலந்து பார்த்த எஞ்சின் எண்ணெய், மற்றதில் போட்டிக் கம்பெனியுடையது. ஒரே கெட்டியாக இருந்த இரண்டையும் எஞ்சினுக்குள் படும் பாட்டுக்கு ஈடாக, நுண்துளை வழியே முப்பது முறை பீய்ச்சி நசுக்கியாகிவிட்டது. நீர்த்துப்போயிருந்தால் அவருடைய கலவையை நாளைக்கே கைவிட்டுவிடுவார்கள். ஹாம்பர்க்கின் நவம்பர் வெளிச்சம் ஆய்வகத்து ஜன்னலில் பாத்திரம் கழுவிய தண்ணீர்போலத் தேங்கி நிற்கிறது. கொதிக்கும் தொட்டிக்குள், உடன் வேலை செய்யும் வீப்கே, அவர் துடைப்பதற்கு முன்பே ஊற்றிவைத்த இரண்டு கண்ணாடிக் குழாய்களில் எண்ணெய் கோட்டுக்குக் கோடு இறங்குகிறது. இடது குழாயில் அவசரமாக. வலது குழாயில், திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்புகிறவனைப்போல. வீப்கே கைக்கொரு ஸ்டாப்வாட்சோடு குனிந்திருக்கிறாள்.

“வலதுதானே நம்மளுது, வீப்கே?”

“காபி ஆறுது பாரு.”

“ஆறட்டும். வலதா, இடதா?”

“ஏன், குப்பியில பாரேன். அதான் பளபளன்னு தேய்ச்சு வச்சிருக்கியே.”

அவர் சிரிக்கப் பார்க்கிறார், வருவது கொட்டாவி. தொட்டி முனகிக்கொண்டிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் கசக்கிக்கொள்கிறார்.

“ஊத்தினது நீ, வீப்கே. உனக்குத் தெரியும். சொல்லிடு.”

அவள் இரண்டு ஸ்டாப்வாட்சையும் மேஜையில் வைத்துவிட்டு அவரை நேராகப் பார்க்கிறாள்.

“இடதுதான் நம்மளுது. தண்ணியாப் போச்சு, டெட்லெஃப். தேறல.”