மூன்று நாள் காவல்

உபதேசியார் வெளியே பூட்டுப் போட்டது முந்தாநாள் காலை. இன்று உச்சிப் பொழுதில் வேதகிரியின் கண்களைப் பார்த்ததும், இவன் கொலைக்கும் துணிந்துவிட்டான் என்று சாமுவேலுக்குத் தோன்றியது.

உத்திரமேரூருக்கு வெளியே, வயல் நடுவில் இருந்தது அந்த ஜெபக்கூடம். கள்ளச்சாராயம் குடிப்பவனைச் சபையார் இப்படித்தான் மூன்று நாள் அடைத்துவைத்துத் திருத்துவார்கள். தனியாக விடமாட்டார்கள், கூடவே ஓர் ஆளை வைப்பார்கள்.

போன மாதம் கோபால், சாராயம் கிடைக்காமல் வார்னிஷைக் குடித்துச் செத்தான். அடுத்தது வேதகிரிதான் என்று ஊரே சொன்னது. "நீ கூட இருந்தாத்தான் அவன் பொழைப்பான், சாமுவேலு" என்று உபதேசியார் காதோடு சொல்லியிருந்தார்.

சாமுவேலும் குடிப்பான். அறுப்பு அலுப்புக்கு ஒரு வாய். வேதகிரி மாதிரியா?

ஜன்னல் வழியே வந்த கூழைச் சாமுவேல் வேதகிரியிடம் நீட்டியபோது சட்டி கையில் ஆடியது. இரண்டு நாள் தூக்கமில்லையே.

"இன்னாடா மொறைக்கிற?" என்றான் சாமுவேல்.

"நீ இன்னா பண்றேன்னு பாக்கறேன்."

"என் மூஞ்சில இன்னா கூத்தா நடக்குது? பட்றா."

"மொதல்ல நீ படு."

வெளியே பெண்கள் ஜெபிக்கும் சத்தம் கேட்டது. "வேதகிரியக் கண்பாரும் ஆண்டவரே, சாமுவேலக் கண்பாரும்..." காவல் இருப்பவனுக்கும் ஜெபம் வேண்டியதுதான் என்று சாமுவேல் நினைத்துக்கொண்டான்.

காற்றுத் திரும்பியது. எங்கோ சாராய ஊறல் காய்ச்சும் வாசனை உள்ளே வந்தது. வேதகிரி மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

சாமுவேல் முந்திக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். கம்பிகள் உறுதிதானா என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். ஒன்று ஆடியது. கையை எடுக்க மனம் வராமல் அதை இன்னும் கொஞ்சம் அசைத்தான்.

பின்னாலிருந்து ஒரு கை அவன் கழுத்தை வளைத்தது. இருவரும் தரையில் உருண்டார்கள். வேதகிரி சாமுவேலின் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தான்.

"வுட்றா! கொல்லப் பாக்கறியா?"

"அசையாத. சொல்ட்டேன்."

மூச்சு முட்டியது. சாமுவேல் கத்தினான்: "பாவி! நீ சாவக்கூடாதுன்னுதான்டா உபதேசியார் என்னக் காவலுக்கு வெச்சாரு!"

வேதகிரியின் பிடி தளர்ந்தது.

"உன்னையா? உனக்குத்தானேடா என்னக் காவலுக்கு வெச்சாரு!"