வெள்ளைத் துணிச் சங்கம்

ஒரு வீட்டுக் கொடியில் வெள்ளைத் துணிகள் சங்கம் வைத்திருந்தன. எட்டு முழ வேட்டிதான் தலைவர்.

"சாயத் துணிகளோடு ஒரே கொடியில் தொங்கக் கூடாது. சொட்டு நீலம்கூட நம் மேல் படக் கூடாது" என்று அவர் ஆணையிட்டார். எல்லாம் கட்டுப்பட்டன.

சில மாதங்களில் எல்லாம் பழுப்பேறிப் போயின. பனியனை வீட்டுக்காரி கரித்துணியாக்கினாள். தலையணை உறை தரை துடைக்கப் போனது. தலைவர் மட்டும் பளிச்சென்று இருந்தார்.

அடுத்தது தான்தான் என்று பயந்த துண்டு, யாருக்கும் தெரியாமல் நீலம் கலந்த வாளிக்குப் போய் எட்டிப் பார்த்தது. உள்ளே தலைவர் ஊறிக்கொண்டிருந்தார்.

"என்ன தலைவரே, இங்கே?"

"எதிரியைப் பக்கத்திலிருந்து கண்காணிக்கிறேன், தம்பி."

"அப்படியா? கொஞ்சம் நகருங்க. நானும் கண்காணிக்கிறேன்" என்று சொல்லித் துண்டு உள்ளே இறங்கியது.